கழற்றிப் பார், பிள்ளை!

உன்னுடைய லப்டொப் பழசாகிவிட்டது என்று யார் சொன்னது? அதைத் திறந்து பார்த்தவர் சொன்னாரா, மூடியிருந்ததைப் பார்த்தவர் சொன்னாரா? முதலில் இதற்குப் பதில் சொல்.

உடுவிலில் எந்த வீட்டு விறாந்தையில் போய் இருந்தாலும் காதில் விழுகிற பேச்சு இதுதான்: "லப்டொப் சரியா இழுக்குது. அமத்தினா ஒரு மணித்தியாலம் சுத்திக்கொண்டு நிக்குது. புதுசு ஒண்டு எடுக்கவேணும்." அந்த லப்டொப் எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்டுப் பார். சுவிசிலிருந்து சித்தப்பா அனுப்பியதாக இருக்கும். விசைகளில் இன்னும் ஜெர்மன் எழுத்துகள் இருக்கும். இல்லாவிட்டால் 2020, 2021 கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்கென்று அம்மா காப்பை அடகு வைத்து வாங்கியதாக இருக்கும். அதன் திரையில் ஒரு கீறல் இல்லை. விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. புரொசசர் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அது மேசை மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறது. இலட்சக்கணக்கில் விலை சொல்லும் புதியதற்காக ஒரு குடும்பம் சீட்டுக் கட்டத் தொடங்குகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கொதிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு வா, அந்த மெஷினிடமே கேட்போம். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தொடு. மொத்தம் 4 ஜிபி என்று காட்டுகிறதா? இணையத்தில் நாலு பக்கமும் ஒரு வேர்ட் கோப்பும் திறந்த உடனே தொண்ணூறு வீதத்தைத் தாண்டி நிற்கிறதா? அப்படியென்றால் நோய் பிடிபட்டுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசொஃப்ட் வகுத்திருக்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபி. சும்மா நிற்பதற்கே அது சரியாகிவிடும்போது, உன் பாட வேலைக்கு எங்கே இடம்?

நமது செம்மண் தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள். கிணறு ஆழம், தண்ணீர் நிறைய. ஆனால் துலாவில் கட்டியிருக்கும் பட்டை சிறிது. இறைப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு பட்டைத் தண்ணீர்தான் வரும். உன் லப்டொப்பின் வன்தட்டு அந்தக் கிணறு; புரொசசர் இறைக்கும் ஆள்; நினைவகம் என்ற றாம்தான் பட்டை. இடம் போதாமல் போகும்போது விண்டோஸ் றாமில் உள்ளதை எடுத்து வன்தட்டில் வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. றாமோடு ஒப்பிட்டால் வன்தட்டு பல்லாயிரம் மடங்கு மந்தம். நீ காண்கிற அந்தச் சுழலும் வட்டம் இந்தப் போக்குவரத்துத்தான். ஆளை மாற்றவேண்டாம், கிணற்றைத் தூர்க்கவேண்டாம். பட்டையை மாற்று!

இந்த இடத்தில்தான் வீட்டில் இருந்து குரல் வரும். "கையை வைக்காத, பழுதாக்கிப் போடுவாய். தெரிஞ்ச பெடியன் ஆரும் வந்தாக் காட்டுவம்." அந்தத் தெரிஞ்ச பெடியன் யார் பிள்ளை? அவன் வானத்திலிருந்து விழுந்தவனா? ஒரு நாள் தன் வீட்டு மெஷினைத் திறக்கத் துணிந்தவன், அவ்வளவுதான். நீ திறக்கத் துணிந்தால் நாளைக்கு இந்த ஒழுங்கைக்கு நீதான் தெரிஞ்ச பிள்ளை.

பயம் உன்னுடையதென்று நினைக்காதே. அது உனக்கு வெளியில் இருந்து வந்தது. இந்த மண்ணில் அது ஒருகாலமும் இருந்ததில்லை. சந்தேகமென்றால் உன் அப்பாவிடமும் பெரியம்மாவிடமும் 1990-ஐப் பற்றிக் கேள். அந்த ஆண்டு ஜூனில் மறுபடி போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரத்துக்குக்கூடத் தட்டுப்பாடு. ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, வருடக்கணக்கில் இந்த நிலை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "தெரிஞ்ச பெடியன் வரட்டும்" என்று குந்தியிருந்தார்களா?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பெடலைக் கையால் சுற்றினார்கள். டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அந்தச் சைக்கிளில்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. ஒருவர் சுற்ற, பத்துப் பேர் செய்தி கேட்டார்கள். டைனமோ எத்தனை வோல்ட் தருகிறது, றேடியோ எத்தனை தாங்கும் என்று யாரும் பட்டம் வாங்கிவிட்டுச் செய்யவில்லை. கழற்றினார்கள், பார்த்தார்கள், பொருத்தினார்கள். மோட்டார் சைக்கிளின் காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊறவைத்து, கம்பியில் மெல்லிய திரியைச் சுற்றி விளக்காக்கினார்கள். இரவு முழுவதும் எரிந்தாலும் எண்ணெய் அதிகம் குறையாத விளக்கு அது! அந்தச் சிறு சுடரில் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனார்கள். அச்சடிக்கத் தாள் இல்லையென்று பத்திரிகை நிற்கவில்லை. பாடசாலைக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்தது.

இப்படிப்பட்டவர்களின் பிள்ளைக்கு லப்டொப்பின் அடியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு திருகாணிகளைக் கண்டு கை நடுங்கலாமா?

இன்னும் பின்னுக்குப் போவோம். உனக்குப் பக்கத்து ஊர் மானிப்பாய். அங்கே 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மனித உடம்பைத் திறந்து பார்க்கும் கல்வியைத் தமிழில் சொல்ல முடியாது என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் சொற்களைத் தேடினார்கள், இல்லாதவற்றை ஆக்கினார்கள், எழுதினார்கள். 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதம், 1875-இல் கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். சத்திரசிகிச்சைக் கத்தியைத் தமிழில் கற்றுக் கையில் எடுத்தவர்களின் ஊரடா இது! ஒரு ஸ்குறூட்றைவரை எடுக்க உனக்கு எந்த மொழியில் அனுமதி வேண்டும்?

இனிப் பெண்பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை. "தெரிஞ்ச பெடியன்" என்ற அந்தப் பேச்சில் பெட்டை இல்லை என்பதைக் கவனித்தாயா? பெட்டைக்கு இது சரிவராது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே ஸ்குறூட்றைவரைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறார்கள். நீ எந்த ஊரில் நிற்கிறாய் என்று நினைத்துப் பார். 1824-இல், பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ இதே உடுவிலில் பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கினார். இன்று உடுவில் மகளிர் கல்லூரியாக இருநூறு ஆண்டைத் தாண்டி நிற்பது அதுதான். 1840-இல் அமெரிக்காவிலிருந்து வந்த எலைசா அக்னியூ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை நடத்தினார். ஊர் திரும்பாமல் மானிப்பாயிலேயே கண்மூடினார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அன்று புத்தகத்தைத் தொட்ட பெண்ணின் கை ஊரைத் திருப்பிப் போட்டது. இன்று மதர்போர்ட்டைத் தொடும் கையும் அதே வேலையைச் செய்யும். தம்பி கேட்டாலும் ஸ்குறூட்றைவரைக் கொடுக்காதே. முதல் திருகாணி உன்னுடையது.

சரி, வேலைக்கு வருவோம். துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதல்ல. படித்துவிட்டுக் கைவைப்பதுதான் துணிவு.

டாஸ்க் மனேஜரின் அதே பக்கத்தில் இன்னும் சில விபரங்கள் இருக்கின்றன. வேகம் என்ற இடத்தில் 1600 என்றிருந்தால் உன்னுடைய றாம் பெரும்பாலும் டிடிஆர்3 என்ற வகை. 2400, 2666, 3200 என்றால் டிடிஆர்4. 4800, 5600 என்றால் டிடிஆர்5. பக்கத்தில் றாம் செருகும் எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தால் அதிர்ஷ்டம். வெறுமையாக உள்ள இடத்தில் இன்னொன்றைப் போட்டால் போதும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் இரண்டு வழியாலும் தரவு ஓடி வேகம் இன்னும் கூடும். உன் மொடலின் பெயரை இணையத்தில் தேடி, அது ஆகக் கூடியது எத்தனை ஜிபி ஏற்கும் என்று பார்த்துக்கொள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. முதலில் அதை 64 பிட்டாக மாற்று. டிடிஆர்3-இல் எல் என்ற எழுத்தோடு வருவது 1.35 வோல்ட்டில் ஓடுவது, எல் இல்லாதது 1.5 வோல்ட். உள்ளே எது இருக்கிறதோ அதையே வாங்கு.

ஒரு உண்மையையும் மறைக்கமாட்டேன். மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் றாமை மதர்போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். டாஸ்க் மனேஜரின் அந்தப் பக்கத்தில் சிப்புகளின் வரிசை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உன்னுடையது அந்த வகை. வேறு வெறும் இடமும் இல்லையென்றால் வீட்டில் மாற்ற முடியாது. அதைத் தெரிந்துகொண்டதும் தோல்வியில்லை. யாரும் உன்னிடம் பொய் சொல்லிப் பணம் வாங்க முடியாத நிலைக்கு நீ வந்துவிட்டாய். உத்தரவாதக் காலம் முடியாத மெஷின் என்றால் அந்தப் பத்திரத்தை வாசித்துவிட்டுக் கைவை.

விலை? 2025-இன் கடைசியிலிருந்து உலகம் முழுவதும் நினைவகத்தின் விலை ஏறிக்கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆனால் ஏறிய விலையிலும் ஒரு றாம், புதிய லப்டொப்பின் விலைக்குக் கிட்ட வராது. பாவித்த றாமை வாங்கவும் தயங்காதே. அதில் சுழலும் பாகமில்லை, தேயும் பாகமில்லை. வேறொரு பழுதடைந்த லப்டொப்பிலிருந்து கழற்றியது உன்னுடையதில் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

இப்போது மேசைக்கு வா. லப்டொப்பை முழுதாக நிறுத்து. மூடி வைப்பது நிறுத்துவது ஆகாது. சார்ஜர் வயரைக் கழற்று. பற்றறி வெளியில் கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடி. மிஞ்சிய மின்னும் போய்விடும். கவிழ்த்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அதன் அடிப்பக்கத்தை வரை. கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே தாளில் வை. நீளம் வேறுபடும், நீளமானதைக் குட்டையானதன் துளையில் திருகினால் மறுபக்கம் குத்தும். றப்பர் காலுக்குள் ஒளிந்திருக்கும் திருகாணியையும் தேடு. மூடி விடாமல் பிடித்தால் இழுத்துப் பிய்க்காதே. சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் செருகி மெல்ல ஓட்டு. "டிக், டிக்" என்று பூட்டுகள் விடுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்!

உள்ளே பற்றறி இருந்தால் அதன் இணைப்பை முதலில் கழற்று. பிறகு ஒரு உலோகத்தைத் தொடு; உடம்பில் நிற்கும் நிலைமின் போகவேண்டும். கம்பளத்தில் நின்று செய்யாதே, சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நில். இதோ றாம். உன் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. இரண்டு பக்கமும் இரண்டு கொக்கிகள். இரண்டு பெருவிரலாலும் அவற்றை வெளிப்பக்கம் தள்ளு. அது தானே முப்பது பாகை அளவுக்கு எழும்பி நிற்கும். எடு.

சற்று நில், இதைக் கவனி. ஒரு ஆயுதமும் இல்லாமல், உன் இரண்டு விரலால் அது வெளியே வந்தது. ஏன் அப்படி வந்தது தெரியுமா? அதைச் செய்தவர்கள், ஒரு நாள் ஒரு மனிதக் கை இதைக் கழற்றும் என்று நினைத்தே அந்தக் கொக்கியை வைத்தார்கள். அடியில் ஒரு வெட்டு இருக்கிறது பார். டிடிஆர்3-க்கு ஒரு இடத்தில், டிடிஆர்4-க்கு இன்னொரு இடத்தில், டிடிஆர்5-க்கு வேறோர் இடத்தில். முதலாவதில் 204 தொடுமுனைகள், அடுத்ததில் 260, மற்றதில் 262. வகை மாறிப் போட்டால் உள்ளே போகாது. தலைகீழாகப் போட்டாலும் போகாது. நீ பிழை விடுவாய் என்று அறிந்து, அந்தப் பிழையைத் தாங்கும்படி செய்த பொருள் இது. இதற்கா இவ்வளவு நாள் பயந்தாய்?

புதியதைத் தங்க நிற முனையைத் தொடாமல் விளிம்பில் பிடி. வெட்டைப் பொருத்தி, அதே சரிவில் உள்ளே தள்ளு. தங்கக் கோடு கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளவேண்டும். பாதியில் நிற்பவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள். பின் கீழே அழுத்து. இரண்டு கொக்கியும் "கிளிக்" என்று பிடிக்கும். பற்றறியைப் பூட்டு, மூடு, தாளில் உள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்கு அனுப்பு.

முதல் தடவை பொத்தானை அழுத்தும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். புதிய றாமை மெஷின் பழகிக்கொள்கிறது. சில மெஷின்கள் ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பின்னால் நிற்கும் யாராவது, "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்குவார்கள். அசையாதே. அப்படியும் வரவில்லையென்றால், அல்லது பீப் சத்தம் போட்டால், நிறுத்திக் கழற்றித் திரும்பச் சரியாகச் செருகு. பெரும்பாலான வேளைகளில் சரியாக இருக்கவில்லை என்பதே பிரச்சினை. எழுந்த பிறகு விண்டோஸின் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டிப் பார். பிறகு அதே மூன்று விசைகளை அழுத்து. 8 ஜிபி என்று நிற்கும்.

அந்த எட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உன் முதுகு இன்னும் நிமிரும். 1966-இல் ஐபிஎம்மில் வேலை செய்த றொபேட் டெனார்ட் என்ற பொறியியலாளருக்கு ஒரு யோசனை வந்தது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு மின்கொள்ளளவி, இவை இரண்டும் இருந்தால் ஒரு பிட்டைச் சேமிக்கலாம். 1970-இல் இன்டெல் விற்பனைக்கு விட்ட சிப்பில் 1,024 பிட் இருந்தது. நீ பெருவிரலால் அழுத்தி உட்கார வைத்த 8 ஜிபியில் 6,871 கோடி பிட்! ஒவ்வொன்றிலும் உள்ள மின் கசிந்துகொண்டே இருக்கும். கசியக் கசிய, விநாடிக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறது அந்தப் பச்சைப் பலகை. சந்திரனுக்கு மனிதரை வழிநடத்திய அப்பலோ கணினியின் அழியும் நினைவகம் வெறும் 2,048 சொற்கள்தான். இவ்வளவும் உடுவிலில் உன் வீட்டு மேசையில், உன் விரலுக்கடியில் நடந்தது.

பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறாய். றாம் என்றால் என்ன என்று இரண்டு புள்ளிக்கு விடை எழுதுகிறாய். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவே தனியாக இருக்கிறது. ஆனால் விடை எழுதிய கையில் எத்தனை கை அந்தப் பொருளைத் தொட்டிருக்கிறது? ஆசிரியர்களே, உங்களிடமும் கேட்கிறேன். ஆய்வுகூடத்தின் ஓரத்தில் எழுதித் தள்ளிய கணினி ஒன்று நிச்சயம் கிடக்கும். அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஐம்பது தடவை கழற்றிப் பூட்டட்டும். அது ஏற்கெனவே பழுது; இனி எதைப் பழுதாக்கப்போகிறார்கள்? அப்பாமாரே, அம்மாமாரே, "கையை வைக்காதே" என்று சொல்ல வாய் எடுக்கும்போது உங்கள் டைனமோச் சைக்கிளை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்களைத் தடுத்த ஆள் யாரும் இல்லை. உங்கள் பிள்ளையை நீங்கள் தடுக்காதீர்கள்.

2022-இல் இந்த நாடு எப்படி நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, பல மணித்தியாலம் மின்வெட்டு. இறக்குமதிப் பொருளின் விலை ஒரே ஆண்டில் கைக்கு எட்டாத தூரம் போனது. அப்படி ஒரு காலம் இனி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. உள்ளதைத் திருத்தி ஓட்டத் தெரிந்த ஊர் அந்தக் காலத்தைத் தாண்டும். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு பிள்ளைகளுக்கு இந்தக் கைவேலை தெரிந்தால் போதும். மேசை மூலைகளில் கிடக்கும் எத்தனையோ லப்டொப்கள் மறுபடி படிக்க உட்காரும்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, மேசையைத் துடைத்து வைத்துத் தொடங்கு. அம்மா பார்க்கத் திற. முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய், இழுக்கிற அவர்களுடைய லப்டொப்பையும் கேள். ஆனால் அதை நீ கழற்றாதே. அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடு, பக்கத்தில் இருத்து, ஸ்குறூட்றைவரை அவள் கையில் கொடு.